மலத்தை எடை போட்டவர்கள்: கோதுமை மாட்டிக்கொண்ட கதை

செலியாக் நோய் பற்றி இணையத்தில் தேடினால் ஒரு கதை தவறாமல் கண்ணில் படும். 1944-45 குளிர்காலம். ஹாலந்து ஜெர்மன் படைகளின் பிடியில் இருக்கிறது. ரொட்டி கிடையாது, ஜனங்கள் டூலிப் கிழங்கைத் தோண்டி வேகவைத்துத் தின்கிறார்கள். ஊரே எலும்பும் தோலுமாகிக்கொண்டிருக்கும்போது, நாள்பட்ட வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்த சில குழந்தைகள் மட்டும் தேறி எழுகிறார்கள். கடைசியில் நேச நாட்டு விமானங்கள் ரொட்டியைக் கொண்டுவந்து போடுகின்றன. ஊர் பிழைக்கிறது, அந்தக் குழந்தைகள் மறுபடி படுக்கையில் விழுகிறார்கள். அதைப் பார்த்த டாக்டர் ஒருவருக்குப் பொறி தட்டுகிறது: குற்றவாளி கோதுமை!

சினிமாவுக்கு ஏற்ற கதைதான். ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு ரொட்டி கொடுக்காதீர்கள் என்று அந்த டாக்டர் எழுதிய கட்டுரை அச்சானது 1941-ல். பஞ்சத்துக்கு மூன்று வருஷம் முன்னால். அப்படியானால் அவருக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? பஞ்சம் அதில் என்ன செய்தது? இன்னொரு கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அவர் சொன்னதை மற்ற டாக்டர்கள் எதை வைத்து நம்பினார்கள்?

அந்தக் கடைசிக் கேள்விக்கான விடை விமானத்தில் இல்லை, மலத்தில் இருக்கிறது. முகம் சுளிக்காமல் தொடர்ந்து படியுங்கள். இது வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வந்த குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலத்தின் கதை. அவர்களைக் காப்பாற்றியதில் மலத்தைச் சேர்த்து வைத்து அளந்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் பார்த்தவர்கள்

சுமார் 1,800, 1,900 வருஷங்களுக்கு முன்னால் கப்படோசியாவில் (இன்றைய துருக்கி) அரிட்டேயஸ் என்ற கிரேக்க வைத்தியர் இருந்தார். சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே வெளியேறும், மலம் வெளுத்து நாறும், உடம்பு இளைத்துக்கொண்டே போகும், ஒன்றிரண்டு நாளில் தீராமல் வருஷக்கணக்கில் இழுக்கும் ஒரு நோயைப் பற்றி எழுதி வைத்தார். கிரேக்கத்தில் வயிற்றுக்கு 'கொய்லியா' என்று பெயர். அதிலிருந்து 'கொய்லியாக்கோஸ்', அதாவது வயிற்று நோயாளி. இன்றைய செலியாக் என்ற பெயருக்கு வேர் அதுதான். அரிட்டேயஸ் பார்த்தது இன்று நாம் செலியாக் என்று சொல்லும் அதே நோய்தானா என்று அடித்துச் சொல்ல முடியாது. இதே மாதிரி மலத்தை உண்டாக்கும் நோய்கள் வேறு சிலவும் உண்டு. இந்த விஷயம் பின்னால் வேலூர்க் கதையில் திரும்ப வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரே தாண்டலாக 1887-க்கு வருவோம். லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை. சாமுவேல் ஜீ என்ற டாக்டர் ஒரு சொற்பொழிவு ஆற்றுகிறார். அடுத்த வருஷம் அது அச்சில் வந்தது. எல்லா வயதினருக்கும் வரும், ஆனால் ஒன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளைத்தான் அதிகம் பிடிக்கும் என்று அந்த நோயைப் பற்றிச் சொல்கிறார். அவர் அதிக நேரம் பேசியது மலத்தைப் பற்றி. கெட்டியாக இல்லை, தண்ணியாகவும் இல்லை. சாப்பிட்ட அளவுக்குச் சம்பந்தமில்லாமல் ஏராளமாகப் போகிறது. பித்தமே கலக்காதது போல வெளுப்பாக, நுரைத்து, தாங்க முடியாத நாற்றத்தோடு இருக்கிறது. குழந்தையின் கை கால் குச்சியாகிறது, வயிறு மட்டும் உப்புகிறது.

ஸ்கேன் கிடையாது, எண்டாஸ்கோப்பி கிடையாது, சொல்லிக்கொள்கிற மாதிரி ரத்தப் பரிசோதனையும் கிடையாது. கண்ணும் மூக்கும்தான் கருவி. அதை வைத்துக்கொண்டே இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் போடக்கூடிய விவரிப்பை ஜீ கொடுத்துவிட்டார். இந்த நோய் குணமாகும் என்றால் அது சாப்பாட்டால்தான் ஆகும் என்பதையும் சரியாகப் பிடித்தார்.

சறுக்கியது அடுத்த படியில். என்ன கொடுக்கலாம், என்ன கூடாது? அரிசி, ஜவ்வரிசி மாதிரியான மாவுப்பொருள்கள் ஆகாது என்றார். மெல்லிசாக வெட்டி இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிய ரொட்டி கொடுக்கலாம் என்றார்! அதாவது குற்றமில்லாத அரிசியைத் துரத்திவிட்டு, குற்றவாளியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஜீயிடம் வந்த ஒரு குழந்தைக்குத் தினமும் ஏறக்குறைய ஒரு லிட்டர் அளவு ஹாலந்து மட்டி (கடல் சிப்பி) கொடுத்தார்கள். குழந்தை அருமையாகத் தேறியது. மட்டி சீசன் முடிந்ததும் மறுபடி படுத்துவிட்டது. அடுத்த வருஷம் சீசன் வந்தபோது அது மட்டியை வாயில் வைக்க மறுத்துவிட்டதாம். மட்டியில் என்ன மருந்து இருக்கிறது என்று யோசிப்பதுதான் யாருக்கும் இயல்பு. மட்டியால் வயிறு நிறைந்த குழந்தை எதைச் சாப்பிடாமல் விட்டது என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வர இன்னும் ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆனது. வந்ததும் ஹாலந்திலிருந்துதான்.

வாழைப்பழத்துக்குக் கிடைத்த பெயர்

நடுவில் அமெரிக்காவில் இரண்டு பேர் வருகிறார்கள். 1908-ல் கிறிஸ்டியன் ஹெர்ட்டர் இந்த நோய் குடலில் இருக்கும் கிருமிகளால் வருகிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். அதனால் வெகுகாலம் இதற்கு 'ஜீ-ஹெர்ட்டர் நோய்' என்று பெயர் இருந்தது.

1924-ல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் வாழைப்பழ வைத்தியத்தைக் கொண்டுவந்தார். குழந்தைக்கு நிறைய வாழைப்பழம், பால், கொஞ்சம் இறைச்சி. ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியங்கள் எல்லாம் கூடாது. குழந்தைகள் உண்மையிலேயே பிழைத்தார்கள். வேறு எந்த வைத்தியமும் கைகொடுக்காத காலத்தில் இது சாதாரண விஷயமில்லை. 1939-ல் வெளியான ஒரு லண்டன் கணக்குப்படி, இந்த நோய் வந்த குழந்தைகளில் சுமார் 30 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். பெற்றவர்கள் வாழைப்பழத்தைத் தேடி அலைந்ததில் ஆச்சரியம் என்ன?

ஆனால் பெயர் போய்ச் சேர்ந்தது தவறான ஆளுக்கு. வேலையைச் செய்தது தட்டிலிருந்து எடுத்த ரொட்டி, பாராட்டு கிடைத்தது தட்டில் வைத்த பழத்துக்கு. இது வெறும் பட்டிமன்றச் சண்டை இல்லை. வாழைப்பழம் குணப்படுத்திவிட்டது என்று நம்பினால், உடம்பு தேறியதும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பலாம் என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நடந்தது. குழந்தைகள் மறுபடி ரொட்டிக்குப் போனார்கள், உள்ளே குடல் மறுபடி கெட்டது.

எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஒரே நேரத்தில் நாலு இடத்தில் மாற்றம் செய்வோம், பிரச்சினை போய்விடும், எது சரி செய்தது என்று தெரியாது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் மாற்றத்துக்குப் பெயர் போய்விடும். ஆறு மாசம் கழித்து அதே பிரச்சினை திரும்பி வரும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும்.

ஹேக் நகரத்து டாக்டர்

இப்போது நம் கதாநாயகன். வில்லெம் கரெல் டிக்கே, பிறந்தது 1905-ல், டோர்ட்ரெக்ட் நகரில். லைடனில் மருத்துவம் படித்தார். ஹேக் நகரில் இருந்த ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி பெற்று, 1936-ல் அதன் தலைமை மருத்துவரானார். அப்போது வயது 31.

கோதுமை மேல் அவருக்குச் சந்தேகம் எப்படி வந்தது என்பதற்குப் பின்னாளில் சொல்லப்பட்ட ஒரு தகவல் உண்டு. 1930-களின் ஆரம்பத்தில், தன் குழந்தைக்கு ரொட்டியை நிறுத்தினால் உபாதை குறைகிறது என்று ஒரு தாய் சொன்னாராம். இந்த மாதிரி பேச்சு எந்தக் குழந்தை டாக்டரின் அறையிலும் நாளுக்கு நாலு முறை வரும். "எதைக் கொடுத்தாலும் ஒத்துக்கிது டாக்டர், ஆனா இதைக் கொடுத்தா மட்டும்..." என்று ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஒரு தலையாட்டலோடு முடிந்துபோகும். டிக்கே அதைப் பிடித்துக்கொண்டார்.

1936 வாக்கில் கோதுமை இல்லாத சாப்பாட்டைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு குழந்தையின் எடை, உயரம், பசி, மலம் எல்லாவற்றையும் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் குறித்து வைத்தார். 1941-ல் ஹாலந்து மருத்துவ இதழில் டச்சு மொழியில் கட்டுரை எழுதினார். அதில் இந்தக் குழந்தைகளுக்கான எளிய உணவு முறையைச் சொல்லி, ரொட்டியும் ரஸ்க்கும் வேண்டாம் என்றார்.

போர் நடந்துகொண்டிருந்த, பிடிபட்டிருந்த ஒரு சின்ன நாட்டின் மொழியில் வந்த கட்டுரை. வெளியுலகத்தில் யார் கண்ணில் படும்?

பஞ்சம் என்ன செய்தது

1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகளுக்கு உதவியாக ஹாலந்து ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலுக்கு ஜெர்மானியர்கள் மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். தடை தளர்ந்தபோது குளிர் முந்திக்கொண்டது, கால்வாய்கள் உறைந்து படகுகள் நின்றன. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் நகரங்களில் ஒரு ஆளுக்கான ரேஷன் நாளுக்கு 1,000 கலோரிக்கும் கீழே போனது. சுமார் 20,000 பேர் இறந்தார்கள். சர்க்கரைக் கிழங்கும் டூலிப் கிழங்கும் தின்ற கதை கட்டுக்கதை இல்லை, நிஜம்.

டிக்கேயின் குழந்தைகள் இந்த ஊரில்தான் இருந்தார்கள். ரொட்டி அருகிப்போன காலத்தில் அவர்களுடைய வயிறு சரியாகவே இருந்தது. ரொட்டி திரும்பி வந்தபோது நோயும் திரும்பியது. இது உண்மை. ரொட்டி எல்லாமே வானத்திலிருந்து விழுந்தது என்பதில்தான் கொஞ்சம் மசாலா. பஞ்சத்தின் நடுவில் மக்கள் கொண்டாடிய 'ஸ்வீடன் ரொட்டி' கப்பலில் வந்த மாவில் ஹாலந்துப் பேக்கரிகளிலேயே சுட்டது. விமானங்கள் உணவு போட்டது 1945 ஏப்ரல் கடைசியிலும் மே மாதத் தொடக்கத்திலும்.

ஆக, பஞ்சம் டிக்கேக்கு எண்ணத்தைக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த எண்ணத்துக்குச் சாட்சி சொன்னது. எந்த மனிதனும் மனசாட்சியோடு செய்ய முடியாத ஒரு சோதனையை, ஒரு ஊருக்கே கோதுமையை நிறுத்தி மறுபடி கொடுப்பதை, போர் செய்து காட்டிவிட்டது.

ஆனால் இந்தச் சாட்சியிலும் ஓட்டை உண்டு. பஞ்சத்தில் கோதுமை மட்டுமா குறைந்தது? கொழுப்பு, பால், இறைச்சி, சர்க்கரை எல்லாமே குறைந்தது. மொத்தச் சாப்பாடே குறைந்ததால் வயிற்றுக்கு ஓய்வு கிடைத்தது என்று ஒருவர் சொன்னால் என்ன பதில்? வாழைப்பழம் சம்பாதித்த பெயரும் இப்படித்தானே வந்தது? ஒன்றை மட்டும் மாற்றி, விளைவை எண்ணால் காட்டியாக வேண்டும்.

மலம் தராசுக்கு வந்தது

இங்கே வருகிறார்கள் உட்ரெக்ட் நகரத்து இரண்டு பேர். ஒருவர் குழந்தை மருத்துவர் வெயர்ஸ். இன்னொருவர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் வான் டெ காமர். மலத்தில் எத்தனை கிராம் கொழுப்பு இருக்கிறது என்று வேகமாக அளக்க ஒரு முறையை 1949-ல் இவர்கள் வெளியிட்டார்கள். மலத்தை ஆல்கஹாலும் காரமும் கலந்து கொதிக்க வைப்பது, அமிலம் சேர்ப்பது, பிரிந்து வரும் கொழுப்பு அமிலங்களை வடித்தெடுத்து அளப்பது. நல்ல வேலையா இது என்று கேட்கத் தோன்றும். ஆனால் கதையின் திருப்பம் இதுதான்.

ஏன் கொழுப்பு? நாம் சாப்பிடும் எண்ணெயும் நெய்யும் சிறுகுடலில் உறிஞ்சப்படுகின்றன. ஆரோக்கியமான குடல் கொழுப்பில் 95 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். குடல் சரியாக வேலை செய்யாவிட்டால் கொழுப்பு அப்படியே மலத்தோடு போகும். மலம் வெளுத்து, பிசுபிசுப்பாக, ஏராளமாக, கெட்ட நாற்றத்தோடு இருப்பது இதனால்தான். ஜீ மூக்கால் கண்டுபிடித்ததை வான் டெ காமர் கிராமுக்கு மாற்றினார்.

கணக்கு எளிது. புரிவதற்காக நானே போட்ட எண்கள் இவை. குழந்தை நாளுக்கு 50 கிராம் கொழுப்பு சாப்பிடுகிறது, மலத்தில் 2 கிராம் வருகிறது. அப்படியானால் 96 சதவீதம் உடம்பில் சேர்ந்தது. அதே குழந்தை, அதே சாப்பாடு. கூடக் கோதுமை கொடுத்ததும் மலத்தில் 15 கிராம் வந்தால், சேர்ந்தது 70 சதவீதம்தான். இனி 'தேறின மாதிரி இருக்கு', 'முகம் தெளிஞ்சிருக்கு' என்ற பேச்சுக்கு இடமில்லை. அரிசி மாவு கொடு, அள. சோள மாவு கொடு, அள. கோதுமை கொடு, அள.

ஒரு நாள் மலம் போதாது, சில நாள் மலம் முழுதையும் விடாமல் சேர்க்க வேண்டும். வயிற்றுப்போக்குள்ள சின்னக் குழந்தையிடமிருந்து ஒரு துளி சிந்தாமல் சேர்ப்பது என்ன பாடு என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். அதைச் செய்தவர்கள் அந்த வார்டுகளின் செவிலியர்கள். எந்தக் கட்டுரையின் தலைப்பிலும் அவர்கள் பெயர் கிடையாது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. கோதுமைதான் காரணம் என்று காட்ட, தேறிய குழந்தைக்கு மறுபடி கோதுமை கொடுத்தாக வேண்டும். தெரிந்தே நோயைத் திரும்ப வரவழைப்பது அது. இன்றைய நெறிமுறைக் குழுக்கள் ஆயிரம் கேள்வி கேட்கும். அந்தக் குழந்தைகள் பட்ட வயிற்றுவலியின் மேல்தான் இன்று எத்தனையோ பேர் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள்.

டிக்கே தன் முடிவுகளை 1950-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகக் கொடுத்தார். அதுவும் டச்சு மொழியில்தான். கோதுமையும் ரை என்ற தானியமும் கெடுதல், அரிசியும் மக்காச்சோளமும் கெடுதல் இல்லை. அடுத்து மூவரும் சேர்ந்து கோதுமையையே பிரித்துப் பார்த்தார்கள். இதை நம் ஊர்ச் சமையலறையிலேயே செய்து பார்க்கலாம். மைதா மாவை உருண்டையாகப் பிசைந்து தண்ணீரில் கசக்கக் கசக்க, வெள்ளையாகப் பால் பிரிந்து போகும். அது மாவுச்சத்து. கையில் ரப்பர் மாதிரி ஒரு பிசின் மிஞ்சும். அதுதான் க்ளூட்டன் என்ற புரதம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவையைக் கொடுப்பது இதுதான். நன்றாகப் பிரித்தெடுத்த மாவுச்சத்தைக் கொடுத்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிசினைக் கொடுத்தால் மலத்தில் கொழுப்பு ஏறியது.

1952-ல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் சார்லட் ஆண்டர்சன் குழுவினர் இதையே தனியாகச் சோதித்து, ஆமாம், க்ளூட்டன்தான் என்று 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

குடலுக்குள் எட்டிப் பார்த்தபோது

க்ளூட்டன் உள்ளே போய் என்னதான் செய்கிறது? 1954-ல் இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் பாலி என்ற டாக்டர், அறுவை சிகிச்சையின்போது எடுத்த குடல் துண்டுகளில் விடையைப் பார்த்தார். சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாகக் குடலுறிஞ்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பூத்துவாலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோயாளிகளில் அந்த விரல்கள் மழுங்கிப்போயிருந்தன. துவாலை வழுக்கைத் துணியாகிவிட்டால் எதை உறிஞ்சும்? 1956, 57-ல் வயிற்றைக் கிழிக்காமல் வாய் வழியாகவே குடல் துணுக்கை எடுக்கும் கருவிகள் வந்தன. 1997-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள், உடம்பு தன் சொந்த நொதியான திசு டிரான்ஸ்குளுட்டாமினேஸ் என்பதற்கு எதிராகவே எதிர்ப்பொருள் தயாரிக்கிறது என்று காட்டினார்கள். இன்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனை அதிலிருந்து வந்ததுதான். ஆக, இது வெறும் 'ஒத்துக்காத' சமாச்சாரம் இல்லை. மரபணுவில் வாய்ப்பு உள்ளவர்களுக்கு க்ளூட்டன் தூண்டுகோலாகி, உடம்பு தன் குடலையே தாக்கும் நோய்.

டிக்கே இதில் பாதியைத்தான் பார்த்தார். 1957-ல் உட்ரெக்டில் பேராசிரியரானார், 1962-ல் காலமானார்.

நம் பக்கம்

"இட்லி தோசை சாப்பிடுற நமக்கு எதுக்குங்க இது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்கு ஓரளவு விடையும் இருக்கிறது. 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இந்தியாவின் மூன்று பகுதிகளை ஒப்பிட்டது. தெற்குக்கு வேலூர். வடக்கில் செலியாக் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. ஆனால் இந்த நோய்க்கு வாய்ப்பளிக்கும் மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடம் இருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. பெரிய வித்தியாசம் இருந்தது தட்டில்தான். வடக்கே கோதுமை அதிகம், தெற்கே மிகக் குறைவு. இந்த ஒரு ஆய்வை வைத்துக்கொண்டு சப்பாத்திக்கு மாறும் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் செலியாக் வரும் என்று பயமுறுத்தக்கூடாது. மரபணு இருப்பவர்களில் மிகச் சிலருக்குத்தான் நோய் வருகிறது. ஆனால் 'நம்ம ஊர்ல அது கிடையாது' என்ற சொல்லும் செல்லாது.

வேலூருக்கு இதில் இன்னொரு இடமும் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் கூட்டம் கூட்டமாக ஜனங்களுக்குத் தீராத வயிற்றுப்போக்கு, இளைப்பு, ரத்தசோகை. அதே கொழுப்பு மலம். குடலுறிஞ்சிகளும் சேதம். வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் அதை ஆராய்ந்தார்கள். அது செலியாக் இல்லை, 'டிராபிகல் ஸ்ப்ரூ' என்ற வேறு நோய். கோதுமையை நிறுத்தினால் போகாது. ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் அதற்கு வைத்தியம். மலம் 'உறிஞ்சல் நடக்கவில்லை' என்று சொல்லும். ஏன் நடக்கவில்லை என்பதை அதுவே சொல்லாது. லாக் ஃபைலில் எரர் தெரிகிற மாதிரிதான், காரணத்தைத் தனியாகத் தேட வேண்டும்.

வீட்டுக்கு எடுத்துப்போக

நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த வரலாற்றைப் படித்தால் சில விஷயங்கள் தானாக விளங்கும்.

மலம் மிதந்தாலே கொழுப்பு என்று ஒரு நம்பிக்கை உண்டு. 1972-ல் அமெரிக்காவில் லெவிட், டுவேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மிதக்கும் மலத்தில் இருந்த வாயுவை அழுத்தி அடக்கிப் பார்த்தார்கள், மூழ்கிவிட்டது. மிதக்க வைத்தது கொழுப்பு இல்லை, வாயு. ஆகவே மிதப்பதை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்காக, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் தொடர்ந்து, கூடவே எடையும் குறைந்தால் டாக்டரைப் பாருங்கள். குழந்தையின் வளர்ச்சி நின்றாலும் அப்படித்தான். ரத்தம் கலந்தோ தார் மாதிரி கறுப்பாகவோ போனால் வாரக்கணக்கில் காத்திருக்கவே கூடாது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

செலியாக் எப்போதும் வயிற்றுப்போக்காகத்தான் வரும் என்றும் இல்லை. பெரியவர்களுக்குத் தீராத ரத்தசோகையாக மட்டும் வரலாம், மலச்சிக்கலோடும் வரலாம்.

மிக முக்கியமான ஒன்று. 'கோதுமைதான் போல' என்று நீங்களாகவே நிறுத்திவிட்டுப் பிறகு பரிசோதனைக்குப் போகாதீர்கள். கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறையும், குடல் ஆறும், பரிசோதனை 'ஒன்றுமில்லை' என்று பொய் சொல்லும். முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம். ஏனென்றால் நோய் உறுதியானால் பத்தியம் ஆயுளுக்கும்.

அந்தப் பத்தியம் நம் சமையலில் அவ்வளவு கஷ்டமில்லை. அரிசி, கேழ்வரகு, சாமை, தினை, உளுந்து எல்லாம் சரி, மில்லில் கோதுமை மாவு கலக்காமல் இருந்தால். ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமைதான் என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். கோதுமைப் பால் பிழிந்து கிண்டும் அல்வாவிலும் க்ளூட்டன் முழுக்கப் போயிருக்காது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது சகஜம், டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சாம்பாரில் ஒரு சிட்டிகை போதும் வேலையைக் காட்ட.

ஜீ உற்றுப் பார்த்தார், ஆனால் அளக்கவில்லை. ஹாஸ் குணப்படுத்தினார், காரணத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. டிக்கே ஒரு தாயின் பேச்சைக் கேட்டு, நண்பர்களோடு சேர்ந்து அதை அளந்து காட்டினார். அடுத்த முறை டாக்டர் "மோஷன் எப்படிப் போகுது?" என்று கேட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு "நார்மல்தான்" என்று முடித்துவிடாதீர்கள். என்ன நிறம், நாளுக்கு எத்தனை முறை, எத்தனை வாரமாக, எதைச் சாப்பிட்டால் கூடுகிறது, எடை எவ்வளவு குறைந்தது என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்.